மாரி வருமுன் உளையும் கால்

ஐப்பசி பிறந்து வானம் மப்புப் போட்டுவிட்டால் யாழ்ப்பாணக் குடாநாட்டின் கொடிகாமம் சந்தையில் இரண்டு விதமான வானிலை அறிக்கை கிடைக்கும். ஒன்று கைத்தொலைபேசியில் வருவது: வங்காள விரிகுடாவில் தாழமுக்கம், கடற்றொழிலாளர் கவனம். மற்றது, தேங்காய்க் குவியலுக்குப் பக்கத்தில் சாக்கை விரித்துக் குந்தியிருக்கும் ஆச்சியின் வாயிலிருந்து வருவது: "நாளைக்கு மழை கொட்டும் மோனை. விடியவே முழங்கால் சொல்லிப்போட்டுது."

என் அம்மம்மாவிடமும் இப்படி ஒரு நாட்காட்டி இருந்தது. மப்புக்கு முழங்கால் உளையும். வாடைக்கு நாரி பிடிக்கும். தைப் பனிக்கு விரல் மடங்காது. நொச்சி இலை அவித்து ஒத்தணம் கொடுக்கும்போது அவர் காலைப் பார்க்கமாட்டார், வானத்தைத்தான் பார்ப்பார். குற்றவாளி அங்கே இருக்கிறான் என்பதில் அவருக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

ஆச்சியின் சொல்லுக்குள் இரண்டு செய்திகள் இருக்கின்றன. முழங்கால் உளைகிறது என்பது ஒன்று. மழையால்தான் உளைகிறது என்பது இன்னொன்று. முதலாவதற்கு அவரே சாட்சி, வேறு சாட்சி வேண்டியதில்லை. விசாரிக்க வேண்டியது இரண்டாவதை. இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்காததால் எத்தனையோ பேருடைய நோ மதிப்பிழந்து போயிருக்கிறது. சொன்ன காரணம் பிழையென்று கண்டதும் நோவையும் சேர்த்தே பொய்யாக்கி, "ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போங்கோ" என்று அனுப்பிவிடுவது சுலபம். இந்த அத்தியாயம் அந்தச் சுலபத்துக்கு எதிரானது.

நோவையும் வானத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து முறையாகப் பதிந்த முதல் ஆட்களில் ஒருவர் கால் இழந்த ஒரு போர்வீரர். அமெரிக்க உள்நாட்டுப் போரில் காலை இழந்த கப்டன் கட்லின், வெட்டிய இடத்தில் எழும் நரம்பு வலியை ஆண்டுக்கணக்காகக் குறித்துவந்தார்: எப்போது தொடங்கியது, எவ்வளவு நேரம் நின்றது, அன்று காற்றழுத்தம் என்ன, மழை எங்கே. அவருடைய குறிப்புகளைக் கொண்டு நரம்பியல் மருத்துவர் சைலஸ் வியர் மிச்செல் 1877இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். இல்லாத கால் நோகும் அந்த விந்தைக்கு 'மாய உறுப்பு' என்று பெயர் வைத்தவரும் இவரே. புயல் ஒன்று நகரும்போது மழை விழும் வட்டத்துக்கு வெளியே, அதற்கு முன்னால் ஓடிவரும் இன்னொரு வட்டம் உண்டு, அது நோவின் வட்டம் என்று கட்லினின் குறிப்புகள் மிச்செலை எண்ணவைத்தன. மழைக்கு முதல் நாளே முழங்கால் சொல்லிவிடும் என்ற ஆச்சியின் கூற்றும் இதேதான்.

கட்லினை நான் இங்கே கூட்டிவந்ததற்குக் காரணம் உண்டு. கொடிகாமத்திலிருந்து ஏ-9 வீதியில் கிழக்கே போனால் மிருசுவில், எழுதுமட்டுவாள், அதற்கப்பால் முகமாலை. ஆண்டுக்கணக்காக யுத்த முன்னரங்காக இருந்த மண். இலங்கையின் மிகப் பெரிய கண்ணிவெடி வயல்களில் ஒன்று அங்கேதான் புதைந்திருந்தது. யாழ்ப்பாணத்தில் 1987 முதல் ஜெய்ப்பூர் கால் என்னும் செயற்கைக் கால் செய்து கொடுக்கும் நிலையம் இயங்குகிறது. அந்தக் காலைக் கட்டி நடப்பவரிடம் பருவத்தைப் பற்றிக் கேட்டால் ஒரே விடை வராது. மாரிக் குளிரில், வெட்டுண்ட நரம்பின் நுனியில் திரண்டிருக்கும் முடிச்சு சுள்ளென்று இழுக்கும். கோடையிலோ செயற்கைக் காலின் கிண்ணத்துக்குள் வியர்வை தேங்கித் தோல் உரிந்து புண்ணாகும். முதலாவது நரம்பின் நோ, இரண்டாவது தோலின் நோ. 'பருவத்தால் வலி' என்ற ஒரே சொல்லுக்குள் இவை இரண்டையும் அடைத்துவிட முடியாது.

இனி அழுத்தம். பலரும் முதலில் பிடிப்பது இந்தக் காரணத்தைத்தான். கேட்க நியாயமாகவும் இருக்கும்: மூட்டு மூடிய பை, வெளியே காற்றின் அழுத்தம் குறைந்தால் உள்ளே திசுக்கள் சற்று உப்பும், நோகும். 1836இலேயே ஜெர்மனியின் வேபர் சகோதரர்கள், இடுப்பு எலும்பின் குழிக்குள் தொடையெலும்பின் தலை நழுவாமல் இருக்கக் காற்றழுத்தமும் துணை நிற்கிறது என்று காட்டியிருந்தார்கள். ஆகவே மூட்டுக்கும் காற்றுக்கும் உறவு உண்டு என்பது கற்பனையல்ல.

ஆனால் அளவைப் பாருங்கள். நம்முடையது போன்ற வெப்பவலயத்தில் காற்றழுத்தம் நாளுக்கு இரண்டு தடவை ஏறி இறங்குகிறது. காலை பத்து மணியளவில் உச்சம், பின்னேரம் நாலு மணியளவில் தாழ்வு. இரவு பத்துக்கு மறுபடி உச்சம், விடியப்புறம் நாலுக்கு மறுபடி தாழ்வு. சூரியன் வளிமண்டலத்தைச் சூடாக்குவதால் எழும் அலை இது. ஏற்ற இறக்கம் ஏறத்தாழ 3 மில்லிபார். மழையோ வெயிலோ, இது நிற்பதில்லை. 20 மீற்றர் உயரப் பனையில் ஏறினாலும் 2 மில்லிபாருக்கு மேல் அழுத்தம் குறையும். சீவல் தொழிலாளி ஒருவர் ஒரு காலைக்குள் எத்தனை பனை ஏறி இறங்குகிறார்! ஒவ்வொரு வட்டிலும் அவர் தன் மூட்டுகளுக்கு ஒரு சின்னத் தாழமுக்கத்தைக் காட்டிவிட்டுத்தான் இறங்குகிறார்.

பஸ்ஸில் ஏறி நுவரெலியாவுக்குப் போனால் இன்னும் தெளிவாகும். 1,868 மீற்றர் உயரம். அழுத்தம் சுமார் 200 மில்லிபார் குறைந்துவிடும். உலகில் இதுவரை அளந்தவற்றில் மிக ஆழமான சூறாவளி 1979இல் பசிபிக்கில் உருவான 'டிப்'. அதன் மையத்தில்கூட அழுத்தம் 870 மில்லிபார்தான், அதாவது வழமையை விட 140 அளவில் குறைவு. அழுத்தம் மட்டுமே குற்றவாளி என்றால், நுவரெலியா பஸ் நிலையத்தில் இறங்கும் மூட்டுவாதக்காரர் அத்தனை பேரும் அலற வேண்டும். அப்படி நடப்பதில்லை.

இத்தோடு வழக்கை மூடவும் முடியாது. ஜப்பானில் ஜுன் சாத்தோவும் அவர் குழுவினரும் நரம்பு காயப்பட்ட எலிகளை ஓர் அறைக்குள் வைத்து அழுத்தத்தை 27 மில்லிபார் அளவில் குறைத்தபோது அவற்றின் வலி கூடியதைக் கண்டார்கள். உட்காதைச் சிதைத்த எலிகளில் அந்த விளைவு மறைந்தது. அப்படியானால் அழுத்தத்தை உணர்வது மூட்டாக இல்லாமல் காதாக இருக்கலாம். அமெரிக்காவில் 1960களில் ஜோசப் ஹொலண்டர் நோயாளிகளையே ஒரு காலநிலை அறைக்குள் தங்கவைத்தார். தனியே அழுத்தம் இறங்கியபோதும் தனியே ஈரப்பதம் ஏறியபோதும் அல்ல, இரண்டும் ஒன்றாக நிகழ்ந்தபோதுதான் மூட்டுவாதம் மோசமாகியது என்று அவர் எழுதினார். மப்புப் போட்ட ஐப்பசி வானம் செய்வதும் அதைத்தான்.

மனம் இந்த வழக்கில் என்ன செய்கிறது என்று கேட்டவர்கள் டொனால்ட் ரெடல்மையரும் ஏமஸ் ட்வேர்ஸ்கியும். மூட்டுவாதக்காரர் 18 பேரை 15 மாதங்கள் தொடர்ந்து, வலியையும் அன்றைய வானிலையையும் ஒப்பிட்டார்கள். தொடர்பு தென்படவில்லை, ஆனால் நோயாளிகள் தொடர்பு உண்டென்று உறுதியாக நம்பினார்கள். 1996இல் வெளியான அந்த ஆய்வின் விளக்கம் எளியது: நொந்த நாளும் மழை பெய்த நாளும் ஒன்றாக விழுந்தால் ஞாபகத்தில் நிற்கும், நோகாமல் போன மழை நாளை எவரும் கணக்கில் எடுப்பதில்லை. 2017இல் அமெரிக்காவின் முதியோர் காப்புறுதிப் பதிவுகளில் ஒரு கோடிக்கு மேற்பட்ட வைத்தியர் சந்திப்புகளைப் புரட்டியவர்களும், மழை நாளில் மூட்டு வலியென்று வருவோர் கூடவில்லை என்றே சொன்னார்கள்.

எனக்கு இந்த இரண்டாவது ஆய்வில் அவ்வளவு திருப்தியில்லை. மழை நாளில் முழங்கால் நோகிறவர் வைத்தியரிடம் போகமாட்டார், வீட்டில் இருப்பார். கொடிகாமத்து ஆச்சி அன்று சந்தைக்கே வரமாட்டார். வைத்தியசாலைப் பதிவேட்டில் இல்லாத நோ, உடம்பில் இல்லாத நோவாகிவிடாது.

அந்தக் குறையை நீக்கியது மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் வில் டிக்சன் குழு. பிரித்தானியா முழுவதும் நாட்பட்ட வலியுள்ளவர்கள் தங்கள் கைத்தொலைபேசியில் நாள்தோறும் வலியைப் பதிந்தார்கள். தொலைபேசி இருக்கும் இடத்தைக் கொண்டு அங்கத்தைய வானிலையும் தானாகச் சேர்ந்தது. 2,658 பேரின் தரவுகள் 2019இல் வெளியாயின. ஈரப்பதம் கூடிய, அழுத்தம் குறைந்த, காற்று பலமான நாட்களில் வலி கூடியிருந்தது. மூன்றிலும் முதலிடம் ஈரப்பதத்துக்கு. குளிர் தனியே பெரிதாக எதையும் செய்யவில்லை. ஆக மோசமான வானிலையில் வலி நாள் வரும் வாய்ப்பு ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு கூடியது. அதாவது, நூறு நாளில் 5 நாள் நோகிற ஒருவருக்கு எல்லா நாளும் அப்படியே ஈரமும் காற்றுமாக இருந்தால் 6 நாள் நோகும். ஆச்சி சொன்னது உண்மை. ஆனால் அவர் நினைத்ததை விடச் சின்ன உண்மை.

இந்த முடிவை அப்படியே கொடிகாமம் இருக்கும் தென்மராட்சிக்குத் தூக்கிவர முடியாது. பிரித்தானியாவில் ஈரமும் காற்றும் தாழ்ந்த அழுத்தமும் ஒரே புயலின் பிள்ளைகள், சேர்ந்தே வரும். இங்கே அவை வேறு வேறு மாதங்களில் குடியிருக்கின்றன. பலத்த காற்று சோளகத்தோடு வருகிறது, வைகாசி முதல் ஆவணி வரை; அது மண்ணைக் காயவைக்கும் காற்று, பனையோலையைச் சலசலக்க வைத்துவிட்டு ஒரு துளி மழையில்லாமல் போய்விடும். ஈரம் வருவது ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில். ஆண்டு மழையின் பெரும்பங்கு அந்த மூன்று மாதங்களுக்குள் விழுந்துவிடும். மான்செஸ்டரில் பிரிக்க முடியாமல் முடிச்சுப்போட்டுக் கிடக்கும் இரண்டு காரணங்களைக் கொடிகாமத்துக் காலநிலை தானே பிரித்து வைத்திருக்கிறது. சோளகத்தில் கூடுதலாக நோகிறவர் யார், மாரியில் கூடுதலாக நோகிறவர் யார் என்று ஓராண்டு கேட்டாலே போதும், உலகம் பயன்படுத்தக்கூடிய விடை கிடைக்கும்.

குளிரைப் பற்றி ஒரு சொல். தை மாத விடியலில் இங்கே 22 பாகை அளவுக்கு இறங்கும். நோர்வேயில் அது கோடை மத்தியானம். இருந்தும் நம்மவருக்கு விரல் விறைக்கும், அதில் பொய்யில்லை. தோலில் குளிரை உணரும் புரதம் ஒன்று உண்டு. புதினாவைக் கசக்கினால் வருகிற அந்தக் குளிர்ச்சியில், அதன் மென்தோல் தட்டுவதும் அதே கதவைத்தான். தோல் சுமார் 26 பாகைக்குக் கீழே போனால் அது விழிக்கும். கண்ணாடியில்லாத சன்னல், பருத்திச் சேலை, பனியில் நனைந்த முற்றம் எல்லாம் சேர்ந்தால் அந்த எல்லையைத் தொடுவது கடினமல்ல. 1995இல் அமெரிக்காவின் நான்கு நகரங்களில் நாட்பட்ட வலிக்காரரைக் கேட்டபோது, வானிலை மாற்றம் தங்களைக் கூடுதலாக வாட்டுகிறது என்றவர்கள் உறைபனி விழும் பொஸ்டன்காரர் அல்லர், இதமான சான் டியாகோக்காரர். உடம்பு தன் ஊரின் சராசரியோடுதான் ஒப்பிடுகிறது.

வேலையும் பருவத்தோடு வருவதுதான். தையில் அருவி வெட்டுக் குனிவு, பனங்கிழங்கு கிண்டும் குனிவு. அந்த நாரி நோவுக்குப் பனியைக் குற்றஞ்சாட்டிக்கொண்டிருக்கிறோம். கார்த்திகையில் நேர்மாறு: மூன்று நாள் அடைமழை, வீட்டுக்குள் முடங்கல், அசையாத மூட்டு இறுகல்.

ஞாபகமும் பருவத்தோடு வரும். 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்திலிருந்து யுத்தத்தால் இடம்பெயர்ந்த பல இலட்சம் பேர் மழையில் நனைந்தபடி நாவற்குழிப் பாலத்தைத் தாண்டித் தென்மராட்சிக்கு வந்தார்கள். கொடிகாமத்து வளவுகளில் மரத்தடிகளிலும் ஆட்கள் தங்கினார்கள். மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், போரில் அகப்பட்டவர்கள் மனத்துயரை உடம்பு நோவாகவே சொல்லிக்கொண்டு வந்ததை விரிவாக எழுதியிருக்கிறார். ஐப்பசி மழை கூரையில் விழும் சத்தத்துக்கு ஒருவருக்கு நெஞ்சும் நாரியும் இறுகுமானால், அதற்கு ஈரப்பதமானியில் விடை இருக்காது.

பருவம் நோவைக் கொண்டுவரும் வழிகளில் நம் ஊரில் ஆகக் கொடியது நுளம்பு. 2006 ஓகஸ்டில் முகமாலையில் ஏ-9 வீதி மூடப்பட்டது, குடாநாடு துண்டிக்கப்பட்டது. அப்படித் துண்டிக்கப்பட்டிருந்தும், அந்த ஆண்டு மாரி தொடங்கியபோது இலங்கையில் பரவிய சிக்குன்குனியா யாழ்ப்பாணத்தையும் பிடித்தது. காய்ச்சல் ஒரு கிழமையில் விட்டுவிடும், மூட்டு விடாது. கணுக்கால், மணிக்கட்டு, விரல் மொளி எல்லாம் வீங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு எழும்பிய ஆட்களை அந்த மாரியில் கண்டவர்கள் மறக்கமாட்டார்கள். சிக்குன்குனியா என்ற பெயரே, 1952இல் இந்நோய் முதலில் இனங்காணப்பட்ட தன்சானியாவின் மக்கொண்டே மொழியில், வளைந்து முறுகிப்போதலைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. இந்தியப் பெருங்கடலில் ரியூனியன் தீவில் அதே காலத்தில் நோய்ப்பட்டவர்களைத் தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வில், 36 மாதங்களுக்குப் பிறகும் 60 சதவீதமானோருக்கு மூட்டு வலி இருந்தது.

ஆகவே 2006க்குப் பிறகு மாரிக்கு மூட்டு உளைகிறது என்று சொல்லும் ஒருவரிடம், காற்றழுத்தத்தைப் பற்றிப் பேசுமுன் கேட்கவேண்டிய கேள்வி: உங்களுக்குச் சிக்குன்குனியா வந்ததா? அந்த வைரஸைக் காவும் ஈடிஸ் நுளம்பின் முட்டை காய்ந்த நிலையில் மாதக்கணக்கில் தாங்கும். கோடை முழுதும் ஒரு சிரட்டையின் விளிம்பில் ஒட்டிக்கிடந்துவிட்டு முதல் மழைக்குப் பொரிக்கும். தேங்காய்க்குப் பேர்போன கொடிகாமத்தில் சிரட்டைக்கா பஞ்சம்? யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விலங்கியல் பேராசிரியர் சுரேந்திரனும் அவருடன் பணியாற்றியவர்களும் 2011இல் இன்னொன்றையும் காட்டினார்கள்: நன்னீரில் மட்டுமே வளரும் என்று நம்பப்பட்ட இந்நுளம்பு உவர்நீரிலும் வளர்கிறது. கடல்நீரேரி சூழ்ந்த நமக்கு அது சின்னச் செய்தியல்ல. மாரி மூட்டுவலிக்குத் தைலத்தை விட முந்திச் செய்யவேண்டிய வைத்தியம் புரட்டாதியில் வளவைச் சுற்றிவந்து சிரட்டைகளைக் கவிழ்ப்பது என்று நான் மனதார நம்புகிறேன்.

சூரியனுக்கு வருவோம். கொடிகாமம் வடக்கு அகலாங்கு 9.7 பாகைக்கு அருகில் இருக்கிறது. ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே இங்கே வித்தியாசம் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூட. லண்டனில் அது எட்டே முக்கால் மணி நேரம். மார்கழி நடுப்பகலிலும் நமக்குச் சூரியன் 57 பாகை உயரத்தில் நிற்கும், ஆளின் நிழல் ஆளை விடக் குட்டையாகவே விழும். அதே நாளில் லண்டனில் சூரியன் 15 பாகைதான் எழும்பும். நிழல் ஆளைப்போல மூன்றரை மடங்குக்கு மேல். ஒஸ்லோவில் எட்டு மடங்கு. நிழல் நம்மை விட நீளமாக இருக்கும்போது, தோலில் விற்றமின் டி உண்டாக்கும் குறுகிய புறஊதாக் கதிர் வளிமண்டலத்திலேயே பெரும்பாலும் வடிகட்டப்பட்டுவிடும்.

கொடிகாமத்திலிருந்து போனவர்கள் இன்று வாழ்வது அந்த நீண்ட நிழல்களுக்குள். 2008இல் வெளியான ஓர் ஆய்வு, கண்டியில் வாழும் இலங்கையரையும் ஒஸ்லோவில் வாழும் இலங்கையரையும் ஒப்பிட்டது. ஒஸ்லோக்காரரின் இரத்தத்தில் விற்றமின் டி, கண்டிக்காரரில் இருந்ததன் பாதியை விடச் சற்றுத்தான் கூட. அந்தக் குறைபாடு முற்றினால் எலும்பு மென்மையாகும். இடுப்பும் தொடையும் விலாவும் மந்தமாக, விடாமல் நோகும். 1960களில் கிளாஸ்கோ நகரின் தெற்காசியக் குடும்பங்களில் மத்தியூ டன்னிகன் கண்டது இந்த நோயையே. ஒஸ்லோவிலோ ஸ்காபரோவிலோ இருக்கிற அக்கா "பனிக்குள்ள எலும்பெல்லாம் குத்துது" என்று தொலைபேசியில் சொன்னால், குளிரென்று ஆறுதல் சொல்லிவிட்டு வைக்காதீர்கள். இரத்தத்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். குறைபாடு இருந்தால் மாத்திரை அந்த நோவைத் தீர்க்கும். குறைபாடு இல்லாதவரின் தேய்ந்த முழங்காலுக்கு அதே மாத்திரை உதவுவதில்லை என்பதும் பெரிய அமெரிக்கப் பரிசோதனை ஒன்றில் தெரிந்துவிட்டது.

வெளிச்சம் கண் வழியாகவும் வேலை செய்கிறது. பிற்ஸ்பேர்க்கில் முதுகெலும்புச் சத்திரசிகிச்சை செய்த 89 பேரில், வெயில் விழும் பக்கத்து அறைகளில் கிடந்தவர்களுக்கு மற்றவர்களை விட 46 சதவீதம் கூடுதல் வெளிச்சம் கிடைத்தது. மணிக்கு அவர்கள் எடுத்த வலிநிவாரணி 22 சதவீதம் குறைந்தது. 2005இல் வந்த சின்ன ஆய்வு. தனியே அதை நம்பிப் பெரிய மாளிகை கட்டமுடியாது. ஆனால் அதன் பின்னால் இருக்கும் பொறிமுறை வலுவானது. விழித்திரையில் பார்வைக்கு உதவாத, பகலா இரவா என்று மூளையின் கடிகாரத்துக்குச் சொல்வதற்கென்றே அமைந்த உயிரணுக்கள் உண்டு. வலிக்கும் அந்தக் கடிகாரம் உண்டு. 2022இல் பிரான்சில் 12 ஆண்களை மங்கிய வெளிச்சத்தில் ஒரு நாளுக்கு மேல் தூங்கவிடாமல் வைத்து வலியை அளந்தபோது, விடியப்புறம் மூன்று, நாலு மணியளவில் வலி உச்சத்தைத் தொட்டது. "விடியச்சாமத்திலதான் கொல்லுது" என்று நோயாளிகள் காலம் காலமாகச் சொல்லிவந்த நேரம் அது.

காலை வெளிச்சம் அந்தக் கடிகாரத்தை நேராக்கும். நேரான கடிகாரம் தூக்கத்தைத் தரும். தூக்கம் கெட்டவருக்கு நோ கூடும். மப்பு நாளிலும் வெளியே ஆயிரக்கணக்கான லக்ஸ் வெளிச்சம் உண்டு. மின்குமிழ் எரியும் வீட்டுக்குள் அது இருநூறைத் தாண்டுவது அருமை. நடுவில் திறந்த முற்றம் வைத்த நாற்சார் வீட்டில் ஆச்சி மழையைப் பார்த்துக்கொண்டு குந்தியிருந்தபோது அந்த வெளிச்சம் அவருக்கு இலவசமாகக் கிடைத்தது. முற்றத்தை மூடித் தளம் போட்ட பிறகு அடைமழை மூன்று நாளும் அவர் இருட்டில் இருக்கிறார்.

ஓகஸ்ட் கடைசி வாரத்தில் ஒரு நாள், மத்தியானம் 12.10 அளவில், கொடிகாமத்தில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். ஏப்ரல் நடுவில் ஒரு தடவை வந்துபோனது இரண்டாம் முறை வருகிறது. சந்தையில் தராசுக்கு நிழல் இருக்காது. நோவின் கணக்கைத் தொடங்க நல்ல நாள் அது: சோளகம் ஓயவில்லை, மாரி தொடங்கவில்லை. ஒரு பழைய கொப்பி போதும். விடிய எழும்பியதும், கதவைத் திறந்து வானத்தைப் பார்க்கமுன், பூச்சியத்திலிருந்து பத்துக்குள் நோவுக்கு ஓர் எண். பிறகு முற்றத்துக்கு வந்து மழை, மப்பு, வெயில், காற்று. நேற்று எவ்வளவு நடந்தது, இரவு எவ்வளவு தூங்கியது. எழுதச் சிரமமென்றால் குசினிச் சுவரில் பால் கணக்குப் போடுவதுபோலக் கரிக்கோடு இழுத்தாலும் சரி. நோவுக்கு இழுக்கும் கோடு முதலில் விழவேண்டும், வானத்துக்கானது பிறகு.